ஃப்ளோட்டை எந்த இடத்தில் போடுவது?

தங்கச்சிமடத்தில் மாலை நேரத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். பதினொன்று, பன்னிரண்டு படிக்கிறவர்கள்தான் அதிகம். போன மாதம் அதில் ஒரு பெண் தானாகவே ஒரு நிரல் எழுதிக்கொண்டு வந்தாள். அவளுடைய அம்மா கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறவர். மரிக்கொழுந்துப் பாசியைக் காயவைத்துச் சாக்கில் கட்டி வியாபாரியிடம் எடை போடும்போது, வீட்டிலேயே கணக்கைச் சரிபார்க்க ஒன்று இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறாள். முதல் சாக்கு 12, இரண்டாவது சாக்கு 8 என்று தட்டினாள். திரையில் 128 என்று வந்தது. "அண்ணே, இருபது வரணும்ல, இது நூத்தி இருபத்தெட்டுங்குது" என்றாள்.

நாங்கள் எழுதுவது பைத்தான் என்ற நிரல் மொழியில். அதில் இன்புட்() என்ற கட்டளை நாம் தட்டுவதை எழுத்தாகத்தான் கையில் கொடுக்கும். 12 என்று தட்டினால் பன்னிரண்டு என்ற அளவு வராது, '1' என்ற எழுத்தும் '2' என்ற எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் வரும். இதைச் சரம் என்கிறோம், பிள்ளைகள் ஸ்ட்ரிங் என்பார்கள். சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் பைத்தான் ஒன்றோடு ஒன்றை ஒட்டிவிடும். "12" கூட "8" ஒட்டினால் "128". பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் மோசமான விஷயம். அவள் தட்டியது 12.5, 8.25 என்று இருந்திருந்தால் "12.58.25" என்று வந்திருக்கும், பார்த்த உடனே ஏதோ தப்பு என்று தெரிந்திருக்கும். முழு எண்ணாகப் போனதால் 128 என்பது ஒரு நியாயமான எடை மாதிரியே நின்றது.

சரி, எடை வாங்குகிற இடத்தில் ஃப்ளோட்(இன்புட்()) என்று எழுது என்றேன். ஃப்ளோட் என்பது சரத்தைப் புள்ளி வைத்த எண்ணாக மாற்றும் கட்டளை. எழுதினாள், 20.0 வந்தது. (இங்கே கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். ஆனால் மதிப்பைப் போட்டுவைக்கிற மாறிக்கு எடை என்று தமிழிலேயே பெயர் வைத்தாலும் பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும், அது எனக்குப் பிடித்த ஒரு விஷயம்.) பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவள் கொண்டுவந்த நிரலில் ஊர்ப் பின்கோடு, வியாபாரியின் போன் நம்பர், சாக்கு எண்ணிக்கை எல்லாவற்றையும் ஃப்ளோட்டுக்குள் போட்டிருந்தாள். ஒரு தடவை வேலை செய்ததால் அதை மந்திரம் மாதிரி எல்லா இடத்திலும் ஓதிவிட்டாள். தப்பு அவளுடையது இல்லை, நான் சொன்ன விதம் அப்படி. மாற்று என்று சொன்னேனே தவிர, எதை, எந்த இடத்தில், எதற்காக என்று சொல்லவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த 'எந்த இடத்தில்' பற்றித்தான்.

முதலில், இந்தக் குழப்பம் ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்று பார்க்கலாம். பைத்தான் 2-இல் இன்புட் என்ற கட்டளை தட்டியதைத் தானே கணக்குப் போட்டுப் பார்த்துவிடும், 12 என்று தட்டினால் எண்ணாகவே வரும். அது ஆபத்தான பழக்கம், ஏனென்றால் யாராவது எண்ணுக்குப் பதில் ஒரு கட்டளையைத் தட்டினால் அதையும் இயக்கிவிடும். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3-இல் அதை மாற்றி, எது தட்டினாலும் சரம்தான் என்று வைத்தார்கள். நல்ல முடிவு. ஆனால் பழைய பாடக் குறிப்புகளும் பழைய வீடியோக்களும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. போதாததற்கு நம் பிள்ளைகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான். இரண்டு மொழியும் எண்களைக் கையாள்கிற விதம் வேறு வேறு, ஒரு வருடத்தில் பழகியதை அடுத்த வருடம் மறக்க வேண்டியிருக்கிறது. அது எங்கே கடிக்கிறது என்று பிறகு சொல்கிறேன்.

ஃப்ளோட்() எதை ஏற்கும், எதை ஏற்காது என்பது ஒரு நாள் உட்கார்ந்து தட்டிப் பார்க்க வேண்டிய விஷயம். " 12.5 " என்று முன்னும் பின்னும் இடைவெளி இருந்தாலும் ஏற்கும். "1,25,000" என்று காற்புள்ளி போட்டால் ஏற்காது, "12.5 கிலோ" ஏற்காது, வெறுமனே என்டர் தட்டினால் வரும் காலிச் சரத்தையும் ஏற்காது. இதிலெல்லாம் வேல்யூஎர்ரர் என்று நிரல் நின்றுவிடும், நிற்பது நல்லதுதான். பிள்ளைகளுக்கு ஆச்சரியம் கொடுத்தது இன்னொன்று: "௧௨.௫" என்று தமிழ் இலக்கத்தில் தட்டினால் பைத்தான் அதை 12.5 என்று சரியாக வாசிக்கும். எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் ௦ முதல் ௯ வரை பத்தும் பதின்ம இலக்கங்கள் என்று குறிக்கப்பட்டிருப்பதால் அப்படி. ஆனால் ௰ என்று பத்துக்கான பழைய குறியைப் போட்டால் பிழை வரும், அது இட மதிப்பில் உட்காரும் இலக்கம் இல்லை. இதற்கு நேர்மாறாக, என், ஏ, என் என்ற மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டினால் ஃப்ளோட்() மறுக்கவே மறுக்காது. 'எண் இல்லை' என்று பொருள்படும் ஒரு தனி மதிப்பு அது. 'நான்' என்று சொல்ல வந்து நம் பிள்ளைகள் அவசரத்தில் தட்டுகிற அதே மூன்று எழுத்து! அந்த மதிப்பு எதனோடு கூட்டினாலும் அந்தக் கணக்கைத் தன்னைப் போலவே ஆக்கிவிடும், தனக்குத்தானே சமம் என்றுகூட ஒத்துக்கொள்ளாது, எதைவிடவும் பெரியது என்றும் ஒத்துக்கொள்ளாது. ஆகவே எடை பூஜ்யத்தைவிடப் பெரியதா என்று ஒரு சோதனை வைத்தால் அங்கேயே வடிகட்டிவிடலாம்.

இலக்கத்தில் எழுதப்படுவதெல்லாம் எண் ஆகிவிடாது. ராமேஸ்வரத்துத் தொலைபேசிக் குறியீடு 04573, அதை ஃப்ளோட்டுக்குள் போட்டால் 4573.0 என்று வரும், முன்னால் இருந்த பூஜ்யம் போய்விட்டது. பிள்ளைகளுக்கு நான் இப்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்கச் சொல்கிறேன்: இந்த மாதிரி இரண்டைக் கூட்டினால் அர்த்தம் வருமா? இரண்டு சாக்கு எடையைக் கூட்டினால் வரும், இரண்டு பின்கோடைக் கூட்டினால் எந்த ஊரும் வராது. அர்த்தம் வராதது சரமாகவே இருக்கட்டும். அர்த்தம் வந்தால் அடுத்த கேள்வி, இதை எண்ணுகிறோமா அளக்கிறோமா? சாக்கு எண்ணுவது, அது முழு எண். எடை அளப்பது, அது ஃப்ளோட்.

இனி கடல் கணக்குக்கு வருகிறேன். எனக்கு இந்த விஷயத்தை உண்மையில் புரியவைத்தது இதுதான்.

வகுப்புக்கு வருகிற ஒரு பையனுடைய அப்பா விசைப்படகில் போகிறவர். பார் (கடலடிப் பாறை) இருக்கிற இடம், வலை சிக்குகிற இடம், மீன் படுகிற இடம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். படகில் உள்ள ஜிபிஎஸ் கருவி டிகிரி, மினிட் என்று காட்டும், மினிட்டுக்குத்தான் புள்ளி உண்டு. ராமேஸ்வரம் கோயில் பக்கத்தில் நின்றால் ஏறத்தாழ வடக்கு 9 டிகிரி 17.29 மினிட், கிழக்கு 79 டிகிரி 19.04 மினிட். கைபேசி வரைபடம் கேட்பதோ ஒரே தசம எண். பையன் முதலில் செய்தது, 9-ஐயும் 17.29-ஐயும் ஒட்டி 9.1729, அதேபோல் 79.1904 என்று போட்டான். குருசடைத் தீவுக்குத் தெற்கே கடலுக்குள் காட்டியது, கோயிலிலிருந்து கிட்டத்தட்ட 19 கிலோமீட்டர் தள்ளி. பாசிச் சாக்கு 128 ஆன அதே தப்பு, இந்த முறை கணினி செய்யவில்லை, மனிதன் கையால் எழுத்தை ஒட்டியிருக்கிறான். ஒரு டிகிரிக்கு 60 மினிட், ஆகவே மினிட்டை 60-ஆல் வகுத்து டிகிரியோடு கூட்ட வேண்டும், 9 + 17.29/60, அதாவது 9.28817 அளவில் வர வேண்டும்.

இதைச் சொன்னதும் பையன் வீட்டுக்குப் போய்ப் பள்ளியில் படிக்கிற சி++-இல் ஒரு நிரல் எழுதினான். டிகிரி, மினிட் எல்லாவற்றையும் இன்ட், அதாவது முழு எண் என்று அறிவித்திருந்தான். 17.29 என்று தட்டினால் இன்ட் மாறி 17 வரை வாசித்துவிட்டுப் புள்ளியில் நின்றுவிடும், மிச்சம் ".29" வாசலிலேயே கிடக்கும், அடுத்து 79-க்காகக் காத்திருக்கிற இன்ட் மாறி அந்த ".29"-ஐப் பார்த்து வாசிக்க முடியாமல் 0 ஆகிவிடும், அதற்குப் பிறகு தட்டுகிற எதுவும் உள்ளே போகாது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு முழு மாலை ஆனது. சரி, புள்ளியே வேண்டாம், 17 மினிட், 19 மினிட் என்று முழுசாகவே தட்டிப் பார்ப்போம் என்றான். விடை 9, 79 என்று வந்தது.

சி++-இல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்தான். 17/60 என்பது பூஜ்யம், 19/60-உம் பூஜ்யம். அட்சரேகையில் ஒரு மினிட் என்பது ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். ஒரே ஒரு வகுத்தல் குறியில் தெற்கே 17 கடல் மைல், மேற்கே ஏறக்குறைய 19 கடல் மைல், மொத்தத்தில் நேர்க்கோட்டில் 25 கடல் மைல் தள்ளி மன்னார் வளைகுடாவின் நடுவில் கோயிலைக் கொண்டுபோய் வைத்துவிட்டது. அதே வரியைப் பன்னிரண்டாம் வகுப்புப் பைத்தானில் எழுதினால் 17/60 என்பது 0.28333, சரியாக வரும். (பைத்தான் 2-இல் அதுவும் பூஜ்யம்தான் கொடுத்தது, 3-இல் மாற்றினார்கள். முழு எண் வகுத்தல் வேண்டுமென்றால் இரண்டு சாய்கோடு போட வேண்டும்.) ஒரு பிள்ளை பதினொன்றில் ஒன்றையும் பன்னிரண்டில் இன்னொன்றையும் படித்துவிட்டுக் கல்லூரியில் சேர்ந்து ஜாவா எடுத்தால் மறுபடி 17/60 பூஜ்யம். யாராவது ஒருவர் இதை எடுத்துச் சொல்லாவிட்டால் பிள்ளைக்குத் தன் மேல்தான் சந்தேகம் வரும்.

இந்த இடத்தில்தான் 'எங்கே' என்ற கேள்வி முழுசாகத் தெரியும். விடை தப்பு என்றதும் பையன் செய்தது:

(ஃப்ளோட்)(17/60)

என்று எழுதியது. ஃப்ளோட் போட்டாயிற்று, ஆனால் விடை 0.0. ஏனென்றால் அடைப்புக்குள் வகுத்தல் முதலில் நடந்து பூஜ்யம் ஆகிவிட்டது, அதற்குப் பிறகு வந்த ஃப்ளோட் அந்தப் பூஜ்யத்துக்குப் புள்ளி வைத்துக் கொடுத்தது, அவ்வளவுதான். செத்த மீனை ஐஸில் வைக்கலாம், உயிர் வராது. மாற்ற வேண்டியது வகுப்பதற்கு முன்னால்:

(ஃப்ளோட்)17/60

இங்கே ஃப்ளோட் என்ற மாற்றம் 17-ஐ மட்டும் பிடிக்கும், பிறகு வகுக்கும்போது ஒரு பக்கம் ஃப்ளோட் இருப்பதால் மறுபக்கமும் தானாக ஃப்ளோட்டாகிவிடும். இதைவிட எளிது 17/60.0 என்று எழுதுவது. தகவல் தொலைந்த பிறகு வகை மாற்றுவதால் எதுவும் திரும்பி வராது, இந்த ஒன்று மனதில் பதிந்தால் தொடக்கநிலைப் பிழைகளில் பாதி போய்விடும் என்று நான் நம்புகிறேன்.

ஃப்ளோட் என்று ஏன் பெயர்? தமிழில் மிதவைப் புள்ளி என்கிறோம். கடற்கரைப் பிள்ளைகளுக்கு மிதவை என்றால் வலையின் மேல் கயிற்றில் கட்டுகிற மிதவைதான் ஞாபகம் வரும், தப்பே இல்லை. ஈயக்குண்டு கீழே இழுக்கும், மிதவை தண்ணீர் எந்த உயரமோ அந்த உயரத்துக்கு ஏறி இறங்கும். எண்ணிலும் அப்படி, புள்ளி ஓர் இடத்தில் நிலையாக நிற்காமல் எண்ணின் அளவுக்குத் தக்கபடி நகர்கிறது. இலக்கங்களுக்கு ஒரு குறிப்பிட்ட இடம்தான் உண்டு, அந்த இடத்தை முழு எண் பகுதியும் பின்னப் பகுதியும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். பிட் என்பது 0 அல்லது 1 உட்காரும் ஓர் இடம். 32 பிட் ஃப்ளோட்டில் ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்கு, 8 பிட் புள்ளி எங்கே என்று சொல்ல, 23 பிட் இலக்கத்துக்கு. 64 பிட்டில் இது 1, 11, 52. 1985-இல் ஐஇஇஇ 754 என்ற தரமாக இது வந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனத்துக் கணினியும் ஒவ்வொரு விதமாகப் பின்னத்தை வைத்துக்கொண்டிருந்தது. இந்த ஒழுங்குக்கு முக்கியமாக உழைத்தவர் வில்லியம் கஹான், 1989-இல் அவருக்குக் கணினித் துறையின் பெரிய விருதான டூரிங் விருது கொடுத்தார்கள்.

மிதப்பதன் விளைவை நம் கடலிலேயே பார்க்கலாம். 32 பிட் ஃப்ளோட்டில் 9 டிகிரி பக்கம் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தூரமாக்கினால் சுமார் 10 சென்டிமீட்டர். 79 டிகிரி பக்கம் அதே ஃப்ளோட்டில் இடைவெளி 80 சென்டிமீட்டருக்கு மேல். எண் பெரிதானதால் முழுப் பகுதி அதிக இடத்தை எடுத்துக்கொண்டது, பின்னத்துக்குக் குறைந்துபோனது. வடக்கு தெற்கில் ஒரு துல்லியம், கிழக்கு மேற்கில் வேறு துல்லியம்! மீன்பிடிக்கு இது பெரிய விஷயம் இல்லை, படகே அதைவிட நீளம். ஆனால் 64 பிட்டுக்குப் போனால் 79 டிகிரியிலும் இடைவெளி ஒரு தலைமுடித் தடிமனைவிடப் பல்லாயிரம் மடங்கு சின்னது. ஆகவே இடம் குறிக்க 64 பிட் எடுப்பது நல்லது. பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: சி, சி++, ஜாவாவில் ஃப்ளோட் என்றால் வழக்கமாக 32 பிட், 64 பிட்டுக்கு டபுள் என்று பெயர். பைத்தானில் ஃப்ளோட் என்று சொல்வதே 64 பிட், அதாவது மற்றவர்களுடைய டபுள்.

அடுத்தது எல்லோரையும் ஒரு நாள் அதிரவைக்கும் விஷயம். 0.1 + 0.2 என்று பைத்தானில் தட்டினால் 0.30000000000000004 வரும். 0.1-ஐப் பத்துத் தடவை சுற்றில் கூட்டினால் 0.9999999999999999 வரும். (சம் என்ற கட்டளையால் கூட்டினால் 3.12 பதிப்பிலிருந்து 1.0 வருகிறது, அதில் மிச்சத்தைக் கவனமாகப் பிடித்துவைக்கிற முறையைச் சேர்த்திருக்கிறார்கள்.) கணினி கெட்டுப்போய்விட்டதா என்று ஒரு பையன் கேட்டான். இதற்குத் தமிழ்க் கணக்கில் அழகான விளக்கம் இருக்கிறது, எந்தப் பாடப்புத்தகத்திலும் இதைச் சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் பழைய பின்னங்களில் இரண்டு குடும்பம் உண்டு. அரை, கால், அரைக்கால், மாகாணி ஒரு குடும்பம். பாதி, அதில் பாதி, அதில் பாதி, அதில் பாதி, மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, வீசம் என்பதும் அதுதான். இன்னொரு குடும்பம் மா, காணி, முந்திரி. மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று. கணினிக்குத் தெரிந்தது பாதியாக்குவது மட்டும்தான். அதனால் அரை, கால், அரைக்கால், மாகாணி, இவற்றைக் கூட்டி வரும் முக்கால், எல்லாம் ஃப்ளோட்டில் துளி பிசகாமல் உட்காரும். 0.5 + 0.25 எப்போதும் சரியாக 0.75. ஆனால் இருபதிலும் எண்பதிலும் 320-இலும் ஓர் ஐந்து ஒளிந்திருக்கிறது, பாதி பாதியாக எவ்வளவு வெட்டினாலும் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்காது, நெருங்கிக்கொண்டே போகலாம். நாம் மூன்றில் ஒன்றை 0.3333 என்று எழுத ஆரம்பித்தால் முடியாதே, அதே கதை. 0.1 என்பதை இருமத்தில் (0, 1 மட்டும் வைத்து) எழுதினால் 0.000110011001100 என்று 0011 திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும், எங்கேயாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்திய இடத்தில் உள்ள உண்மையான மதிப்பு 0.1-ஐவிட மிக மிகச் சின்ன அளவு பெரியது. ஃப்ளோட்("0.1") என்று மாற்றும்போதே இது நடந்துவிடுகிறது, கூட்டும்போது அது வெளியே தெரிகிறது.

ஆகவே ஃப்ளோட்டாக மாற்றுவது என்பது, எழுதியிருக்கிற எண்ணை எடுத்து அதற்கு மிக அருகில் உள்ள பாதிகளின் கூட்டலாக வைத்துக்கொள்வது. பெரும்பாலான அளவைகளுக்கு இது தாராளம், ஏனென்றால் தராசே அவ்வளவு துல்லியமாகக் காட்டுவதில்லை. பணத்துக்கு மட்டும் நான் வேண்டாம் என்பேன். ரூபாயைப் பைசாவாக முழு எண்ணில் வைத்துக்கொள்வது, அல்லது பைத்தானில் டெசிமல் என்ற வகையைச் சரத்திலிருந்து நேராக உண்டாக்குவது, இரண்டும் நல்ல வழி. டெசிமல்("0.1") என்று மேற்கோளுக்குள் கொடுக்க வேண்டும், டெசிமல்(0.1) என்று கொடுத்தால் ஏற்கனவே ஃப்ளோட்டாகிப் பிசகிய மதிப்புதான் உள்ளே போகும். இங்கேயும் அதே 'எந்த இடத்தில்'.

ஃப்ளோட்டிலிருந்து முழு எண்ணுக்குத் திரும்புவது இன்னும் கவனம் கேட்கிற வழி. இன்ட்(3.9) என்றால் 3, கிட்ட உள்ள எண்ணுக்குப் போகாது, புள்ளிக்குப் பின் உள்ளதை வெட்டி எறிந்துவிடும். கருவாட்டு எடையைக் குவிண்டாலிலிருந்து கிலோவாக்க ஒரு பிள்ளை இன்ட்(1.15*100) என்று எழுதினாள். 115 வர வேண்டும், வந்தது 114. 1.15 என்பது பாதிகளால் முழுசாகக் கட்ட முடியாத எண், உள்ளே 1.15-ஐவிடத் துளி குறைவாக இருக்கிறது, நூறால் பெருக்கினால் 114.99999999999999, வெட்டினால் 114. ஒரு கிலோ கருவாடு காணாமல் போய்விட்டது. முதலில் ரவுண்ட் (கிட்ட உள்ள முழு எண்ணுக்குக் கொண்டுபோகும் கட்டளை) போட்டால் 115. ரவுண்டுக்கும் ஒரு குணம் உண்டு, பைத்தானில் ரவுண்ட்(2.5) என்பது 2, சரிபாதியில் நிற்கும்போது இரட்டைப்படைப் பக்கம் போகும்.

இந்த இரண்டு பக்க மாற்றமும் விளையாட்டில்லை என்பதற்கு இரண்டு சம்பவங்களைப் பிள்ளைகளுக்கு எப்போதும் சொல்வேன். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படைமுகாம் மேல் ஒரு ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 வீரர்கள் இறந்தார்கள். அதைத் தடுக்க வேண்டிய பேட்ரியாட் அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக முழு எண்ணில் எண்ணியது, பிறகு 0.1-ஆல் பெருக்கி விநாடியாக மாற்றியது. அந்த 0.1 வெறும் 24 பிட்டில் வெட்டப்பட்டிருந்தது. முழு எண்ணைப் பின்ன எண்ணாக்கும் ஒவ்வொரு முறையும் பிசகு, எண்ணிக்கை ஏற ஏற அதுவும் ஏறும். 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் அது 0.34 விநாடி ஆனது. அந்த நேரத்தில் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்திருக்கும், அமைப்பு தேடிய இடத்தில் அது இல்லை. இன்னொன்று 1996 ஜூன் 4, ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம். அதன் கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் பின்ன எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றார்கள். 16 பிட்டில் 32767-க்கு மேல் கொள்ளாது. ஏரியான் 4-இல் அந்த எண் அவ்வளவு பெரிதானதே இல்லை, அதனால் பழைய நிரலை அப்படியே எடுத்துக்கொண்டார்கள், இந்த மாற்றத்துக்குப் பாதுகாப்பு வைக்கவில்லை. புதிய ராக்கெட் வேகமானது. புறப்பட்டு 40 விநாடிக்குள் வழிகாட்டும் கருவி நின்றுபோய் ராக்கெட் சிதறியது. அந்தக் கணக்கு புறப்பட்ட பிறகு தேவையே இல்லாத கணக்கு என்பதுதான் எனக்கு ஒவ்வொரு முறையும் மனதைப் பிசைகிறது.

பெரிய எண்களிலும் ஒரு பொறி இருக்கிறது. 32 பிட் ஃப்ளோட் 16777216 வரை எல்லா முழு எண்களையும் பிசகாமல் வைத்துக்கொள்ளும், 16777217-ஐக் கொடுத்தால் 16777216 என்று திருப்பித் தரும். ஒன்பதில் தொடங்கும் பத்து இலக்கக் கைபேசி எண்ணை அதில் போட்டால் அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே 1024 இடைவெளி, அழைப்பு வேறு யாருக்கோ போகும். 64 பிட்டில் இந்த எல்லை 9007199254740992, போன் நம்பருக்கு அது போதும். ஆனால் போதும் என்பதால் சரி என்று ஆகிவிடாது. சில வருடத்துக்கு முன்பு ஓர் இடத்தில் மீனவக் குடும்பங்களுக்குப் புயல் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி அனுப்புவதற்கான பட்டியலைச் சரிசெய்யும் வேலையில் நான் உதவினேன். செய்திகள் போய்ச் சேரவில்லை. பட்டியலில் சில பேருக்கு நம்பர் காலியாக இருந்தது. பாண்டாஸ் என்ற பைத்தான் தொகுப்பு காலி இடத்தை நான் முன்பு சொன்ன 'எண் இல்லை' மதிப்பால் நிரப்புகிறது, அது ஃப்ளோட் வகை, ஆகவே அந்த நெடுவரிசை முழுவதையும் ஃப்ளோட்டாக்கிவிட்டது. ஒவ்வொரு நம்பர் கடைசியிலும் ".0" ஒட்டிக்கொண்டது. யாரும் மாற்றச் சொல்லவில்லை, தானாக நடந்தது. வாசிக்கும்போதே அந்த நெடுவரிசையைச் சரமாக எடு என்று ஒரு சொல் சேர்த்ததும் சரியாகிவிட்டது. அது நல்ல வானிலை நாளில் தெரியவந்தது, அதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

பையனுடைய நோட்டுக்குத் திரும்புகிறேன். டிகிரி மினிட்டைத் தசமமாக்கும் நிரல் வேலை செய்த பிறகு, திருப்பிச் செய்கிற நிரலும் வேண்டும் என்றார் அவனுடைய அப்பா. கைபேசியில் யாராவது இடம் அனுப்பினால் கருவியில் போட மினிட்டாக வேண்டுமே. சோதித்துப் பார்க்க எல்லோருக்கும் தெரிந்த ஒரு புள்ளி தேவைப்பட்டது. 1974-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட கடல் எல்லை ஒப்பந்தத்திலும் புள்ளிகள் இதே டிகிரி, மினிட் வடிவில்தான் இருக்கின்றன. அதில் ஒன்று வடக்கு 9 டிகிரி 40.15 மினிட், கிழக்கு 79 டிகிரி 22.60 மினிட். தசமத்தில் 9.669166…, 79.376666…, இரண்டும் நம் பத்தடிமானத்திலேயே முடியாத எண்கள். ஒட்டுகிற தப்பைச் செய்து 9.4015, 79.2260 என்று போட்டிருந்தால் எல்லைப் புள்ளி பாம்பனுக்கு வடக்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் வந்து உட்கார்ந்திருக்கும்.

பையன் முதலில் எழுதியது, இன்ட் போட்டு டிகிரியைப் பிரித்து, மிச்சத்தை 60-ஆல் பெருக்கி, இரண்டு இலக்கத்துக்குச் சுருக்கிக் காட்டுவது. பெரும்பாலும் சரியாகத்தான் வரும். (நம் கரையில் வடக்கும் கிழக்கும்தான், அதனால் மைனஸ் எண்ணில் இன்ட் எந்தப் பக்கம் வெட்டும் என்ற தொல்லை இல்லை.) ஆனால் 9.99999 என்று கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். டிகிரி 9, மினிட் 59.9994, இரண்டு இலக்கத்துக்குச் சுருக்கியதும் 9 டிகிரி 60.00 மினிட் என்று வந்தது. அப்படி ஓர் இடமே கிடையாது, அது 10 டிகிரி. சுருக்குகிற வேலையைப் பிரித்த பிறகு செய்ததால் வந்த வினை. பிரிப்பதற்கு முன்பே சுருக்க வேண்டும்.

அவன் இரண்டு நாள் யோசித்தான். பிறகு, தசம எண்ணை 6000-ஆல் பெருக்கி ரவுண்ட் போட்டு, மினிட்டில் நூறில் ஒரு பங்குகளை முழு எண்ணாக எண்ணிக்கொண்டான். 9.669166… என்பது 58015. அதை 6000-ஆல் முழு வகுத்தல் செய்தால் 9, மீதி 4015, அதை நூறால் வகுத்தால் 40.15. 79.376666… என்பது 476260, அதில் 79-உம் மீதி 2260-உம், அதாவது 22.60. 9.99999 கொடுத்தால் 60000, பத்து டிகிரி பூஜ்ய மினிட். அப்பா நோட்டில் இருந்த இருபத்தேழு இடங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் போகவும் வரவும் மாற்றிப் பார்த்தார்கள். ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. நோட்டை எடுத்து வந்து காட்டினான், தண்ணீர் பட்டு 3 ஒன்று 8 மாதிரி கலங்கியிருந்தது, அதை அப்பா வாயால் சொல்லித் திருத்தினார்.